ஒரு வில், தினம் ஒரு மணி நேரம்: டயப்லோ 2-ல் அமேசானை லெவல் ஏற்றுவது

(எபிசோடின் எழுத்து வடிவம். ஆடியோவில் நான் இழுத்த இழுவைகளையும் இரண்டு தும்மலையும் வெட்டியிருக்கிறேன். மற்றபடி பேசியது பேசியபடி.)

கப்பலூரில் இருந்து பேசுகிறேன். பின்னால் லாரி ஹாரன் கேட்டால் மன்னிச்சுக்கோங்க. டோல்கேட் பக்கத்தில் வீடு, மைக்குக்கு எத்தனை ஸ்பாஞ்ச் ஒட்டினாலும் அது உள்ளே வந்துவிடும்.

வழக்கமா இங்கே கோடு, டேட்டாபேஸ், இண்டர்வியூன்னு பேசுவோம். இன்னிக்கு கேம். ஆனால் சும்மா கேம் இல்லை. எனக்கு ஆறு சனிக்கிழமைதான் இருந்தது. அதில் மூன்று போன பிறகுதான் நான் என்ன தப்பு பண்ணிக்கிட்டிருந்தேன்னு புரிஞ்சது. அந்தக் கதையும் கணக்கும்தான் இந்த எபிசோடு.

என் மாமா மகன் ஒருத்தன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். என்னைவிட மூணு வயசு மூத்தவன், எனக்கு மச்சான். சின்ன வயசில் திருமங்கலத்தில் மாமா வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். மவுஸ் அவன் கையில் இருக்கும், கீபோர்டு என் பக்கம். என் வேலை ஒன்றே ஒன்று: ரத்தம் குறைந்தால் 1-ஐ அமுக்கணும், பாட்டில் குடிக்கணும். அந்தக் கேம்தான் டயப்லோ 2. 2000-இல் வந்தது, அடுத்த வருஷம் 'லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன்' என்ற விரிவாக்கம். 2021 செப்டம்பரில் அதையே புது கிராபிக்ஸோடு 'ரிசரெக்டெட்' என்று பிளிஸ்ஸார்ட் மறுபடி வெளியிட்டது.

மச்சான் போன வருஷம் அதை வாங்கினான். சனிக்கிழமை நம்ம நேரம் ராத்திரி 8 மணி, அவனுக்கு பத்தரை. "மாப்ள, நீயும் வாங்குடா, சேர்ந்து ஆடுவோம்"னான். வாங்கிட்டேன். ஆனால் அவனுக்கு ஆறு வாரம் கழிச்சு நைட் ஷிஃப்ட் மாறுது, அதுக்கப்புறம் சனிக்கிழமை ராத்திரி கிடையாது. அவன் ஆள் ஏற்கனவே லெவல் 40 தாண்டி, நைட்மேர் என்ற இரண்டாம் கட்டத்தில் நிற்கிறான். நான் லெவல் 1. முதல் கட்டமான நார்மலை முடிக்காமல் நைட்மேருக்குள் போக முடியாது. வார நாளில் எனக்குக் கிடைப்பது ராத்திரி 9-லிருந்து 10 வரை, அம்மா "சாப்பாடு ஆறுதுடா"ன்னு மூணாவது தடவை கூப்பிடுகிற வரைக்கும். அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவு பண்ணுவது என்பதுதான் கேள்வி.

நான் எடுத்தது அமேசான். வில், ஈட்டி, ரெண்டும் எறிகிற பெண். தூரத்தில் நின்று அடிக்கும் ஆள். கேமே தெரியாதவங்களுக்கு ஒரு வரி: அரக்கர்களைக் கொன்றால் எக்ஸ்பி, எக்ஸ்பி சேர்ந்தால் லெவல், லெவலுக்கு ஒரு ஸ்கில் பாயின்ட், ஐந்து உடல் பாயின்ட். அவ்வளவுதான்.

முதல் தப்பு மாட்டில் ஆரம்பிச்சது. இந்தக் கேமில் ஒரு ரகசிய இடம் உண்டு, மாட்டு லெவல். ட்ரிஸ்ட்ரம் ஊரில் கிடைக்கும் ஒரு மரக்காலையும் டவுன் போர்ட்டல் புத்தகத்தையும் ஹொராட்ரிக் க்யூபில் போட்டுத் திருகினால் வாசல் திறக்கும். உள்ளே பின்னங்காலில் நடந்துவரும் மாடுகள், கையில் ஆயுதத்தோடு. ஜல்லிக்கட்டு ஊர்க்காரன் வில்லால் மாட்டைச் சுடுவது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது, அதை விடுங்க. மச்சான் முதல் சனிக்கிழமை, நான் லெவல் 12 இருக்கும்போது, "நான் கொல்றேன், நீ ஓரமா நில்லு, லெவல் தானா ஏறும்"னு கூட்டிட்டுப் போனான். ஒன்றரை மணி நேரம். மாடு மாடா விழுந்தது. என் லெவல் ஒன்றுகூட ஏறவில்லை.

அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து விதியைப் படித்தேன். இதை முதல் நாளே படிச்சிருக்கணும். உங்கள் லெவலுக்கும் அரக்கனின் லெவலுக்கும் வித்தியாசம் ஐந்துக்குள் இருந்தால்தான் முழு எக்ஸ்பி. நீங்கள் மேலே போய்விட்டால் குறையும்: ஆறு லெவல் மேலே என்றால் நூற்றுக்கு 81, ஏழு என்றால் 62, எட்டு என்றால் 43, பத்தும் அதற்கு மேலும் என்றால் வெறும் 5. சரி, பழைய இடத்திலேயே நின்று அடிக்கக் கூடாது, இது எல்லோருக்கும் தோன்றுவதுதான். தோன்றாதது மறுபக்கம். நீங்கள் லெவல் 25-க்குக் கீழே இருந்தால், உங்களைவிட ரொம்ப மேலே இருக்கும் அரக்கனைக் கொன்றாலும் எக்ஸ்பி கிடைக்காது. பத்து லெவல் மேலே போனால் நூற்றில் 2 பங்கு அளவுக்குத்தான் வரும். நார்மல் மாட்டு லெவல் 28. நான் 12. வித்தியாசம் 16. அந்த ஒன்றரை மணி நேரமும் சைபரை எதனாலேயோ பெருக்கிக்கிட்டிருந்தோம். பத்தாததுக்கு, பார்ட்டியில் எக்ஸ்பி லெவலைப் பொறுத்துப் பிரியும், பெரிய பங்கு பெரியவனுக்கே போகும்.

25-க்கு மேல் இந்தக் கதவு திறந்துவிடும். அப்போது மேலே உள்ள அரக்கன் என்றால் உங்கள் லெவலை அவன் லெவலால் வகுத்த விகிதத்தில் எக்ஸ்பி வரும், மோசமில்லை. அதனால் "பெரிய ஆள் தூக்கிவிடுவான்" என்ற திட்டம் 25 வரை எதற்கும் உதவாது. 25 வரை நீங்களே, உங்கள் உயரத்துக்கு ஏற்ற இடத்தில் நின்று சுட்டாகணும்.

ரெண்டாவது வாரம் சரியான இடங்களில்தான் நின்றேன். அப்பவும் மெதுவாகத்தான் போனது. ஆபீஸில் ஒரு பக்கம் மெதுவாகத் திறந்தால் நான் முதலில் என்ன பண்ணுவேன்? அளப்பேன். எங்கே நேரம் போகுதுன்னு தெரியாமல் கோடை மாத்தினால் அது வேலை இல்லை, வேண்டுதல். அதே மாதிரி ஒரு நாள் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அந்த ஒரு மணி நேரத்தைப் பிரித்தேன். அம்பு விட்ட நேரம் 21 நிமிஷம். ஓடினது 17. ஊருக்குள் விற்று, வாங்கி, பெட்டியை அடுக்கினது 13. மீதி 9 நிமிஷம் மானா ஏறட்டும் என்று சும்மா நின்றது, இல்லையென்றால் கீழே கிடக்கிற சாமானைப் படித்துப் பார்த்தது.

அதுவரைக்கும் நான் தேடிக்கிட்டிருந்தது நல்ல வில். இன்னும் பலமா அடிக்கிற வில். ஆனால் அம்பே போகாத 39 நிமிஷத்தை எந்த வில்லும் சரிபண்ணாது. தூரத்து ஆளை வேகமாக லெவல் ஏற்றுவது என்றால், என் கணக்கில், இந்த 39-ஐக் குறைப்பதுதான். ஒவ்வொன்றா வர்றேன்.

மானாவில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதில்தான் நான் முட்டாள்தனம் பண்ணியிருந்தேன். லெவல் 6-இல் மல்டிப்பிள் ஷாட் திறக்கும். ஒரே இழுப்பில் விசிறி மாதிரி பல அம்பு. பார்த்ததும் ஆசை வந்து கைக்குக் கிடைத்த பாயின்ட்டை எல்லாம் அதில் கொட்டினேன். எட்டுப் பாயின்ட். இப்போ கணக்கு பாருங்க. முதல் பாயின்ட்டில் இரண்டு அம்பு, 4 மானா. அதுக்கப்புறம் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ஒரு அம்பு கூடும், ஒரு மானாவும் கூடும். எட்டில் 9 அம்பு, 11 மானா. அமேசான் தொடங்கும்போது மானா 15, லெவலுக்கு ஒன்றரை ஏறும். லெவல் 14-இல் 34. ஆக மூணு தடவை சுட்டால் காலி. நாலாவதுக்கு நிற்கணும். அதுவும் எதிரில் ரெண்டே பேர் நிற்கும்போது ஒன்பது அம்பு விட்டால், ஏழு சுவரில்தான் போய்க் குத்தும்.

மூணு பாயின்ட் போதும். 4 அம்பு, 6 மானா. கூட்டமா வரும்போது மட்டும் அது. மற்ற நேரத்தில் மானாவே வாங்காத சாதாரண அம்பு. அது பலவீனமாத் தெரிந்தால் வில்லில் துளை பாருங்க. துளையுள்ள வில் ஒன்றை எடுத்து ரூபி, டோபாஸ் என்று கிடைக்கிற சில்லறைக் கல்லைப் பதித்தால், தீயும் மின்னலும் ஒவ்வொரு அம்போடும் சேர்ந்து போகும். மல்டிப்பிள் ஷாட் அம்புகளுக்கும் அது உண்டு. சில்லுக் கல் என்று தூக்கிப் போடுகிறோமே, முதல் பதினைந்து லெவலுக்கு அதுதான் சோறு.

கோல்ட் ஆரோவில் ஒரே ஒரு பாயின்ட். அடி பெரிசா இருக்காது, ஆனால் குளிர் பட்டவன் மெதுவாக நடப்பான். மெதுவாக நடந்தால் நமக்கு இன்னும் ரெண்டு அம்பு விட நேரம். மீதி பாயின்ட்டுகளை இன்னர் சைட், கிரிட்டிகல் ஸ்ட்ரைக், டாட்ஜ், அவாய்ட் என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். பயந்து சேர்த்து வைக்கவேண்டிய அவசியமில்லை. 2010-இல் வந்த 1.13 பேட்சில் இருந்து, டென் ஆஃப் ஈவில் என்ற முதல் வேலையை முடித்தால் அக்காரா பாட்டி எல்லாப் பாயின்ட்டையும் ஒருமுறை திருப்பித் தருவாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தடவை உண்டு. நான் சின்னப் பையனா இருந்தபோது இந்த வசதி கிடையாது. ஒரு பாயின்ட் தப்பாப் போச்சுன்னா மச்சான் என்னை மாடியில் இருந்து கீழே அனுப்பிவிடுவான்.

உடல் பாயின்ட்டில், டெக்ஸ்டெரிட்டி ஒன்றுக்கு வில்லின் அடி நூற்றுக்கு ஒன்று கூடும், குறியும் கூடும். அதனால் எல்லாத்தையும் அதிலேயே போடத் தோணும். போடாதீங்க. வைட்டாலிட்டி ஒன்றுக்கு மூன்று உயிர். பாதிக்குப் பாதி வைத்தேன். காரணத்தைப் பிறகு சொல்றேன்.

அடுத்தது ஓட்டம். மேப்பின் எல்லா மூலையையும் துடைத்து வைக்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. அது வேண்டாம். நார்மலில் நான் நின்று சுட்ட இடங்கள் கொஞ்சம்தான். லெவல் 11 வரை ட்ரிஸ்ட்ரம். அங்கே அரக்கர்கள் லெவல் 6, வெளிச்சமான திறந்த வெளி, வீட்டுச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து சுடலாம். அதுக்குப் பிறகு முதல் ஆக்டை முடித்துவிட்டு, இரண்டாம் ஆக்டில் தால் ரஷா கல்லறைகள். ஏழு கல்லறை, ஒன்றுதான் உண்மை, மற்ற ஆறும் நமக்கு எக்ஸ்பி பண்ணை. அரக்கர்கள் லெவல் 17, அதாவது 12-லிருந்து 22 வரை முழு எக்ஸ்பி. நான் அதிக நாள் இருந்தது இங்கேதான்.

கல்லறையில் செத்த எலும்புக்கூடுகளை எழுப்பிவிடும் பெரிய மம்மி ஒன்று பின்னால் நிற்கும். கத்திக்காரன் அதுவரை வெட்டிக்கொண்டே போகணும். நமக்குத்தான் வில் இருக்கே. முதல் அம்பு எப்போதும் பின்வரிசைக்கு. முதல் ஆக்டில் குட்டிச் சாத்தான்களை எழுப்பும் ஷாமனுக்கும் இதே விதி. முன்னால் ஓடிவருகிறவனைப் பார்த்துப் பதறிச் சுடுவதுதான் புதுசா வில் எடுக்கிறவங்க செய்கிற தப்பு. ஓடிவருகிறவனுக்கு ஒரு கூலி ஆள் போதும். லட் கொலைன் ஊரில் கிரெய்ஸிடம் ஈட்டிக்காரனை எடுத்து முன்னால் நிறுத்துங்க. நைட்மேரில் ஹோலி ஃப்ரீஸ் வைத்திருப்பவன் கிடைப்பான், அவனைச் சுற்றி எல்லோரும் மெதுவாகிவிடுவார்கள். அவன் கையில் இன்சைட் என்ற ரூன்வேர்டு கொடுத்தால் நம் மானாப் பிரச்சினையும் முடிந்தது. நாலு துளை உள்ள போல்ஆர்ம், அதில் ரால், டிர், தால், சோல், அந்த வரிசையில். அதைப் பிடிக்க அவன் லெவல் 27 ஆகியிருக்கணும்.

ஓட்டத்தைப் பற்றி இன்னொன்று. இந்தக் கேமில் ஓடும்போது உங்கள் டிஃபன்ஸ் கணக்கில் வராது. எதிரே அரக்கன் இருந்தால் நடங்க, சும்மா கிடக்கிற பாதையில் ஓடுங்க. என் ஓட்டத்தில் பாதி, பயந்து ஓடினது. தள்ளி நின்றிருந்தால் ஓடவே வேண்டியதில்லை.

ஊருக்குள் போன 13 நிமிஷத்துக்குப் பெரிய வித்தை எதுவுமில்லை. மஞ்சள், நீலம் என்று எல்லாத்தையும் பொறுக்கி விற்பதை நிறுத்தினேன். கல், ரூன், துளையுள்ள வில், பாட்டில், அவ்வளவுதான். அது 4 நிமிஷமா ஆச்சு. தனியா, ஆஃப்லைனில் ஆடுகிறவங்களுக்கு ஒரு சலுகை இருக்கு. சாட் பெட்டியில் சாய்கோடு போட்டு 'பிளேயர்ஸ்', அப்புறம் 3, 5 என்று ஒரு எண் கொடுத்தால், அத்தனை பேர் ஆடுவதாகக் கேம் நினைத்துக்கொள்ளும். ஒரு ஆளுக்கு அரக்கனின் உயிர் பாதி கூடும், எக்ஸ்பியும் பாதி கூடும். 8 என்று கொடுத்தால் ரெண்டும் நாலரை மடங்கு. ஆசைப்பட்டு 8 கொடுக்காதீங்க, ஒருத்தனைக் கொல்லவே பாட்டுப் பாடணும். ஒரு அம்பு, ரெண்டு அம்பில் அரக்கன் விழுகிற அளவுதான் உங்களுக்கான எண். எனக்கு இது பயன்படவில்லை. மச்சானோட ஆட ஆன்லைன் ஆள் வேணும், ஆஃப்லைன் ஆள் அங்கே வரமாட்டான்.

இப்போ டூரியல். ரெண்டாம் ஆக்டின் கடைசி ஆள். நான் இவ்வளவு நேரம் தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு சொன்னேன் இல்லையா? டூரியல் இருப்பது சின்ன அறை. நம்ம ஊர் ரேஷன் கடையில் மாசக் கடைசிக் கூட்டம் மாதிரி, தள்ளி நிற்க இடமே கிடையாது. உள்ளே நுழைந்ததும் பாய்ந்து வருவான், பக்கத்தில் நிற்கிறவனைக் குளிரால் மெதுவாக்குவான். தூரத்து ஆளின் பலம் எதுவோ அதை முதல் நொடியிலேயே பிடுங்கிவிடுவான். வைட்டாலிட்டியில் பாதி போடச் சொன்னது இதுக்காகத்தான்.

நான் மூணு தடவை செத்தேன். ரெண்டாவது சனிக்கிழமை முழுக்க அதில் போச்சு. மச்சான் பக்கத்தில் நின்று அவனைக் கொன்றிருக்கலாம், நான்தான் வேண்டாம்னேன். வறட்டு ரோஷம். நாலாவது தடவை பண்ணினது இதுதான்: போவதற்கு முன் தாயிங் பாட்டில் நாலைந்து அடுத்தடுத்துக் குடிச்சிட்டுப் போனேன், அது கொஞ்ச நேரத்துக்குக் குளிரைத் தாங்கும் சக்தியைக் கூட்டும். உள்ளே போனதும் அம்பு விடலை, முதலில் டவுன் போர்ட்டலைத் திறந்தேன். கூலி ஆள் விழுந்தால் ஊருக்குப் போய் அவனை எழுப்பித் திரும்ப வந்தேன். அவன் முன்னால், நான் மூலையில். அசிங்கமான சண்டைதான். ஆனால் விழுந்தான்.

நார்மலில் செத்தால் எக்ஸ்பி போகாது. நைட்மேரில் அந்த லெவலுக்கு வேண்டிய எக்ஸ்பியில் நூற்றுக்கு 5, ஹெல்லில் 10 போய்விடும். பிணத்தைப் போய் எடுத்தால் போனதில் முக்கால் பங்கு திரும்பும். மேல் லெவலில் ஒரு சாவு என்றால் ஒரு ராத்திரியின் உழைப்பு. அதனால் வேகமா ஏறுவது என்பதில் சாகாமல் இருப்பதும் ஒரு பகுதிதான், இதை வேகக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

அதோடு சேர்ந்தது கரண்டு. இங்கே கரண்டு போனால் இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்ளும், லேப்டாப்பில் பேட்டரி இருக்கு. ஆனால் மாறுகிற அந்த ஒரு நொடியில் ரவுட்டர் ஒருமுறை அணைந்து எரியும். அது எழுந்து வர ரெண்டு நிமிஷம். மூணாவது சனிக்கிழமை, நான் கூட்டத்துக்கு நடுவில் நிற்கும்போது இதுதான் நடந்தது. திரும்ப வந்து பார்த்தால் நான் பிணம், மச்சான் "எங்கடா போன?"ன்னு நாலு மெசேஜ். அடுத்த நாள் டவுன்ஹால் ரோட்டில் ரவுட்டருக்கு மட்டும் ஒரு குட்டி யூபிஎஸ் வாங்கினேன். இந்த எபிசோடில் நான் சொன்னதிலேயே ரொம்ப உபயோகமானது அதுவாத்தான் இருக்கும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்.

மூணாம் ஆக்டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. காடு, குட்டிக் குட்டியா ஓடிவந்து குத்தும் ஃப்ளேயர்கள், வழி தெரியாது. வேலையை மட்டும் முடித்துவிட்டு ஓடினேன். நாலாம் ஆக்டில் இசுவலைக் கொன்றால் ரெண்டு ஸ்கில் பாயின்ட், அதை விட்டுடாதீங்க.

23 ஆனதும் மறுபடி மாட்டு லெவலுக்குப் போனோம். அதே இடம், அதே மாடு, அதே மச்சான். இந்தத் தடவை 28-க்கும் எனக்கும் ஐந்துதான் வித்தியாசம். தூரத்து ஆளுக்கு இதைவிட நல்ல இடம் நார்மலில் இல்லை. ஒரு மாட்டிடமும் வில் கிடையாது, எல்லாம் திறந்த வெளியில் மந்தையா நேரா வரும். மச்சான் முன்னால் தடுக்க, நான் பின்னால் நின்று விசிறினேன். முதல் தடவை ஒன்றரை மணி நேரத்தில் ஏறாத லெவல், இப்போ நாற்பது நிமிஷத்தில் மூணு.

30 தொட்டதும் அக்காராவிடம் போய் எல்லாப் பாயின்ட்டையும் திருப்பி வாங்கி, வில்லை வைத்துவிட்டு ஈட்டிக்கு மாறினேன். லைட்னிங் ஃப்யூரி அங்கேதான் திறக்கும், எறிந்த ஈட்டி பட்ட இடத்தில் இருந்து மின்னல் சிதறும். வில் பிரியர்கள் என்னைத் திட்டலாம். ஆனால் கூட்டத்தைக் கொல்லும் வேகத்தில் ரெண்டுக்கும் ஒப்பீடே இல்லை, என்னிடம் இருந்தது ரெண்டே சனிக்கிழமை. ஈட்டி தீர்ந்துபோகும், அடிக்கடி ரிப்பேர் பண்ணணும், அதுதான் தொல்லை.

ஐந்தாம் ஆக்டில், அர்ரியாட் மலை உச்சியில் மூணு பழைய வீரர்கள் நிற்பார்கள். லெவல் 20-க்குக் கீழே இருந்தால் அந்த வேலை செல்லாது. ஜெயித்தால் நல்ல எக்ஸ்பி ஒரே தவணையில் வரும். அங்கே டவுன் போர்ட்டல் வழியா ஊருக்குப் போனால் சண்டை முதலில் இருந்து தொடங்கும், டூரியலுக்குப் பண்ணின தந்திரம் இங்கே செல்லாது. டெக்காய் பொம்மையை ஒரு மூலையில் நிறுத்தி, அவர்கள் அதை அடிக்கும்போது எதிர் மூலையில் இருந்து எறிந்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை, லெவல் 35-இல், நைட்மேரின் முதல் ஊருக்குள் நுழைந்தேன். எட்டு மணிக்குச் சொன்ன மாதிரி மச்சான் நெருப்புப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மைக்கில், "வந்துட்டியா மாப்ள, பாட்டில் இருக்கா?"ன்னான். இருக்குன்னேன். "1-ஐ நான் அமுக்கட்டுமா?"ன்னு சிரிச்சான்.

ஆறாவது சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை வரை ஆடினோம், அவனுக்கு விடிகாலை நாலு. நைட்மேர் டூரியல் வரைக்கும் போனோம், உள்ளே போகலை. இப்போ அவனுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருது, எனக்கு அந்த நேரம் வீட்டில் தூக்கம். பார்த்துக்கலாம்னு சொல்லியிருக்கான்.

நீங்க எந்த கேமில், எந்த ஆளை லெவல் ஏற்றுறீங்க, உங்க ஒரு மணி நேரம் எங்கே போகுதுன்னு அளந்து பார்த்தீங்களான்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் மறுபடி டேட்டாபேஸ். வணக்கம்.